குளத்து மீனுக்கு முன்பணம்

கடைக்கு வராத பொருளுக்கு விலை கொடுத்து, அது எப்போது வரும் என்று நிச்சயமில்லாமல் இரண்டு மூன்று வருஷம் காத்திருந்து, வந்த பிறகு பிரித்துப் பார்க்கவும் பொழுதில்லாமல் அலமாரியில் அடுக்கி வைக்கிற காரியத்துக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கௌரவமான பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு 'ஆதரவு' என்று பெயர். பணம் கட்டியவரை யாரும் வாங்குபவர் என்று சொல்வதில்லை; அவர் 'ஆதரவாளர்'. சூட்சுமம் அத்தனையும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. வாங்குபவராயிருந்தால், "சரக்கு எங்கே?" என்று கேட்கலாம். ஆதரவாளர் அப்படிக் கேட்டால் அது பண்புக் குறைவாகப் போய்விடும் அல்லவா?

நான் பலகை விளையாட்டுகளைப் பற்றிப் பேசுகிறேன். தாயமும் பரமபதமும் மனத்தில் வந்தால் அவற்றைச் சற்று ஒதுக்கி வையுங்கள். மேல்நாடுகளில் வளர்ந்த மனிதர்கள் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, மூன்று மணி நேரம் மூளையைக் கசக்கி ஆடுகிற ஆட்டங்கள் இவை. 1995-ல் கிளாஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் 'கட்டான்' என்ற ஆட்டத்தைச் செய்தார். காஸ்மோஸ் என்ற பிரசுரகர்த்தர்கள் அதைத் தங்கள் செலவில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினார்கள். விற்றால் லாபம், விற்காவிட்டால் நஷ்டம், இரண்டும் அவர்களுடையவை. கடைக்காரரிடம் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து, ஆடியவர்களை விசாரித்து, பிடித்திருந்தால் காசு கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டில் என்ன குறை கண்டார்களோ தெரியாது. 2009-ல் நியூயார்க்கில் கிக்ஸ்டார்ட்டர் என்ற ஸ்தாபனம் தோன்றியதும் பலகை விளையாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

கிக்ஸ்டார்ட்டரின் முறை எளியது. "இப்படி ஒன்று செய்ய உத்தேசித்திருக்கிறேன், இவ்வளவு பணம் வேண்டும், இத்தனை நாள் கெடு" என்று ஒருவர் இணையத்தில் அறிவிக்கிறார். ஊரெல்லாம் சேர்ந்து அந்தத் தொகையை எட்டினால் பணம் அவர் கைக்குப் போகும். எட்டாவிட்டால் யாரிடமும் ஒரு காசு பிடிக்கமாட்டார்கள். ஸ்தாபனத்துக்கு நூற்றுக்கு 5 பங்கு. பணத்தை மாற்றிக் கொடுக்கும் செலவு அதற்கு மேல். தமிழில் இதற்குத் திரள்நிதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். வெண்ணெய் திரள்வது போல நிதி திரளுகிறது. தாழி உடைவதைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றுமில்லை.

இந்த யோசனையையே நான் குறை கூறுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இது நம் எழுத்துத் தொழிலில் பிறந்த யோசனை. போப் என்ற ஆங்கிலக் கவி ஹோமரின் இலியத்தை மொழிபெயர்த்தபோது 575 பேர் முன்கூட்டியே பெயர் கொடுத்து, ஆறு பாகங்களுக்கும் பாகத்துக்கு ஒரு கினி வீதம் கட்டினார்கள். 1715-க்கும் 1720-க்கும் இடையே ஆறு பாகமும் வந்து சேர்ந்தன. நம் நாட்டிலும் 1887-ல் வெளிவந்த சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் கையொப்பம் சேர்த்துத்தானே அச்சேற்றினார்? தாமதமும் புதியதல்ல. டாக்டர் ஜான்ஸன் ஷேக்ஸ்பியரைப் பதிப்பிக்கிறேன் என்று 1756-ல் அறிவித்துக் கையொப்பம் வாங்கி, அடுத்த வருஷக் கிறிஸ்துமஸுக்குள் தருவதாக வாக்களித்தார். புத்தகம் 1765-ல் வந்தது. கையொப்பக்காரர்களின் பெயர்களைத் தொலைத்துவிட்டதாகவும் பணத்தைச் செலவழித்துவிட்டதாகவும் அவரே வேடிக்கையாக ஒப்புக்கொண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 575 பேருக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று தெரியும். ஹோமர் என்னவென்று தெரியும். போப்பின் கவிதை என்னவென்று தெரியும். பலகை விளையாட்டுக்குப் பணம் கட்டுகிற மனிதருக்கு எது தெரியும்?

படம் தெரியும். இங்கேதான் என் சண்டை ஆரம்பமாகிறது. ஒரு விளையாட்டின் உயிர் அதன் விதிகளில் இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து ஆடும்போது இரண்டாவது மணி நேரத்திலும் முகங்களில் ஆர்வம் இருக்கிறதா, ஒருவர் முன்னால் போய்விட்டால் மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்களா, பத்தாவது தடவை ஆடினாலும் புதிதாக ஒன்று தோன்றுகிறதா என்பதெல்லாம் விதிகள் செய்கிற வேலை. இதைப் புகைப்படம் எடுக்க முடியாது. புகைப்படம் எடுக்கக்கூடியவை பிளாஸ்டிக் பொம்மைகள்தாம். ஆகவே திரள்நிதி கேட்கிற பக்கங்களில் பொம்மைகள் பெருகுகின்றன. ராட்சசர்கள், எலும்புக்கூடுகள், வாள் ஓங்கிய வீராங்கனைகள்! கேட்ட தொகை கிடைத்துவிட்டதா? "இன்னும் ஐம்பதாயிரம் டாலர் சேர்ந்தால் இன்னொரு ராட்சசன் இலவசம்" என்கிறார்கள். அது சேர்ந்தால் இரண்டு தலை ராட்சசன். இதற்கு இலக்குக்கு மேல் இலக்கு என்று பெயர். கெடு முடிவதற்குள் பெட்டி நாலு பெட்டியாகிவிடும்.

நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். என் அடுத்த நாவலின் மேலட்டைச் சித்திரத்தை மட்டும் காட்டி, "ஆயிரம் பேர் பணம் கட்டினால் கதாநாயகிக்கு ஒரு தங்கை உண்டு, இரண்டாயிரம் பேர் கட்டினால் இரண்டு கொலைகள் சேர்த்து எழுதுகிறேன்" என்று நான் அறிவித்தால் வாசகர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கதைக்குத் தேவையா என்று பார்க்காமல் காசுக்குத் தக்கபடி பாத்திரங்களைச் சேர்க்கிறவனை எழுத்தாளன் என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். விளையாட்டு அமைப்பவர் இதையே செய்தால் மட்டும் தாராள மனசுக்காரர் என்று கைதட்டுவதா? அவசரத்தில் சேர்த்த ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு விதி எழுத வேண்டும். அந்த விதி மற்ற விதிகளோடு ஒத்துப் போகிறதா என்று ஆடிப் பார்க்க வேண்டும். அதற்கு யார் காலம் கொடுத்தார்கள்?

இந்தப் பொம்மைப் பெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 'கிங்டம் டெத்: மான்ஸ்டர்' நல்ல உதாரணம். முதல் தடவை, 2013-ல் முடிந்த கெடுவில், 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. இரண்டாம் தடவை, 2017 ஜனவரியில் கெடு முடிந்தபோது, 1,23,93,139 டாலர் சேர்ந்திருந்தது. அப்போது வாக்களித்த சேர்க்கைகளில் பெரிதான ஒன்றை 2023 வாக்கில்தான் அனுப்ப ஆரம்பித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சூதாடியின் பெட்டி'. பெயர் வைத்தவருடைய நேர்மையை நான் பாராட்டுகிறேன்.

இது தாமதம் மாத்திரம். வராமலே போனதும் உண்டு. 2012-ல் 'தி டூம் தட் கேம் டு அட்லாண்டிக் சிட்டி' என்ற விளையாட்டுக்காக தி ஃபோர்க்கிங் பாத் என்ற பெயரில் ஒருவர் 35,000 டாலர் கேட்டார். 1,246 பேர் சேர்ந்து 1,22,874 டாலர் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆளுக்கு 75 டாலரும் அதற்கு மேலும் கட்டியவர்கள். ஈயக் கலவையில் வார்த்த பொம்மைகள் கிடைக்கும் என்று நம்பியவர்கள். 2013 ஜூலையில், விளையாட்டு வராது, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அறிவிப்பு வந்தது. பணமும் பெரும்பாலோருக்குத் திரும்பவில்லை. வீட்டு வாடகைக்கும், வேறு மாகாணத்துக்குக் குடிபோகவும், சொந்தச் சாமான்களுக்கும் அந்தப் பணத்தைச் செலவழித்தார் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷன் அவர்மேல் வழக்குத் தொடுத்தது. திரள்நிதி விஷயத்தில் கமிஷன் தொடுத்த முதல் வழக்கு அது. 2015-ல் ராஜியாக முடிந்தது. 1,11,793 டாலர் கட்ட வேண்டும் என்று உத்தரவு. ஆனால் கட்டச் சக்தியில்லாதவர் என்பதால் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. நியாயம் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. கிரிப்டோஸோயிக் என்ற வேறொரு கம்பெனி பரிதாபப்பட்டு அதே விளையாட்டை அச்சிட்டு, ஏமாந்தவர்களுக்கு ஒவ்வொரு பெட்டி கொடுத்தது. அதை அவர்கள் தர்மமாகச் செய்தார்கள்; செய்தாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

"மோசக்காரன் எங்கும்தான் இருக்கிறான்" என்பார்கள். வாஸ்தவம். ஆகவே மோசக்காரர்களை விட்டுவிட்டு, நாணயமாகக் கணக்குப் போட்டுத் தப்பாகப் போனவர்களைப் பார்ப்போம். எனக்கு அவர்கள்தான் முக்கியம். இன்றைக்கு வாங்குகிற பணத்துக்கு இரண்டு வருஷம் கழித்துச் சரக்கு கொடுக்கிறவர், இரண்டு வருஷத்துக்குப் பிந்திய விலைவாசியை இன்றைக்கே கணித்தாக வேண்டும். பெட்டிகளில் பெரும்பாலானவை சீனாவில் தயாராகின்றன. கப்பலில் வர வேண்டும். 2021-ல் கப்பல் கன்டெய்னர் வாடகை பல மடங்கு ஏறியது. 2020-ல் 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' விளையாட்டுக்காக 56 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்திருந்த மிதிக் கேம்ஸ் கம்பெனி, 2022-ல் ஆதரவாளர்களிடம் திரும்ப வந்து, செலவு கூடிவிட்டது, மேலும் பணம் கொடுங்கள் என்று கேட்டது. கொடுத்த பணம் மாட்டிக்கொண்டிருக்கும்போது மேலும் கொடுக்காமல் என்ன செய்வது? பலருக்கு மிச்சப் பெட்டிகள் வரவே இல்லை.

2025-ல் இன்னொரு இடி. அமெரிக்கா சீனச் சரக்குகளின்மேல் போட்ட இறக்குமதி வரி ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 145 வரைக்கும் போயிற்று; மறு மாதமே இறக்கினார்கள். மறு மாதம் இறங்கும் என்று ஏப்ரலில் யாருக்குத் தெரியும்? வரி விஷயம் முற்றிக் கொண்டிருந்த மார்ச்சிலேயே சிஎம்ஓஎன் என்ற கம்பெனி இனிப் புதிதாகத் திரள்நிதி கேட்பதில்லை என்று நிறுத்திக்கொண்டது. 2012-ல் 'ஸோம்பிசைட்' மூலம் 7,81,597 டாலர் திரட்டிப் பெரிதானவர்கள் இவர்கள். ஹாங்காங் பங்குச் சந்தையில் பங்கு விற்கும் அளவுக்கு வளர்ந்த பிறகும் வருஷம் தவறாமல் ஆதரவாளர்களிடம் கையேந்தியவர்கள். கடையை நிறுத்தியபோது ஏற்கெனவே பணம் வாங்கியிருந்த பல விளையாட்டுகள் இன்னும் போய்ச் சேரவில்லை.

இதில்தான் எனக்குக் கோபம். பங்கு வாங்கியவன் நஷ்டத்துக்குத் துணிந்தவன்; லாபம் வந்தால் அவனுக்குப் பங்கு உண்டு. கடன் கொடுத்தவனுக்கு வட்டி உண்டு. சீட்டுக் கட்டியவனுக்குக் கூடத் தள்ளுபடியில் ஏதோ கிடைக்கும். ஆதரவாளன் கொடுக்கிற பணத்துக்கு லாபமும் இல்லை, வட்டியும் இல்லை, பிணையும் இல்லை. ஆனால் நஷ்டத்தில் மட்டும் முழுப் பங்கு! கிக்ஸ்டார்ட்டர் இதை மறைக்கவில்லை. தாங்கள் கடை அல்ல என்று 2012-லேயே பகிரங்கமாக எழுதிவிட்டார்கள். பணத்தைத் திருப்பித் தருவது தங்கள் பொறுப்பல்ல என்று நிபந்தனைகளில் சொல்லியிருக்கிறார்கள். சொல்லியும் ஜனங்கள் கடை என்றே நினைத்துப் போகிறார்கள். போகிற கடையில் பில் இல்லை, தராசு இல்லை, கடைக்காரர் கையில் சரக்கும் இல்லை.

இந்த வழக்கத்தில் மிகவும் பற்றுள்ள நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பேராசிரியர் ஈதன் மாலிக் 2015-ல் நடத்திய ஆராய்ச்சியை அவர் எடுத்து வீசினார். கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய காரியங்களில் நூற்றுக்கு 9 மாத்திரமே வாக்களித்ததைக் கொடுக்காமல் போயின என்பது அதன் முடிவு. "91 வந்து சேருகிறதே, போதாதா?" என்றார். பதினோரு தடவைக்கு ஒரு தடவை அரிசியில்லாமல் பையைத் திருப்பிக் கொடுக்கிற கடையில் அவர் அரிசி வாங்குவாரா என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். வேறுதான். அரிசியானால் வந்தவுடன் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். 91 பெட்டிகள் வந்தன என்று ஆராய்ச்சி சொல்கிறது; அவற்றில் எத்தனையை இரண்டாம் தடவை மேஜைமேல் விரித்தார்கள் என்று அது சொல்லவில்லை.

பிறகு அவர் 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' சீட்டாட்டத்தை எடுத்தார். 2015-ல் 10,000 டாலர் கேட்டதற்கு 2,19,382 பேர் 87,82,571 டாலர் கொட்டினார்கள். சொன்ன வருஷத்திலேயே சீட்டுக்கட்டுகள் போய்ச் சேர்ந்தன. மறுக்கவில்லை, அவர்களிடம் பொம்மை இல்லை, சீட்டுக்கட்டு மட்டும். ஆனால் அந்தக் கட்டை அதற்கப்புறம் அமெரிக்காவின் பெரிய கடைகளிலெல்லாம் கிட்டத்தட்ட அதே 20 டாலருக்கு அடுக்கி வைத்துவிட்டார்கள். முன்பணம் கட்டியவர் கண்டது சில மாதம் முந்திய அனுபவம். நண்பர் பேச்சை மாற்றினார்.

முந்திக்கொள்வது என்றேன் அல்லவா? இந்த வியாபாரத்தின் அடித்தளமே அந்தப் பதைப்புதான். "இந்த ராட்சசன் இப்போது பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும், கடையில் என்றைக்கும் கிடைக்கமாட்டான்" என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். மனுஷனுக்கு ராட்சசன் வேண்டியிருக்கிறதோ இல்லையோ, இனிமேல் கிடைக்கமாட்டான் என்பதைத் தாங்க முடிவதில்லை. பக்கத்தில் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் 48 மணி நேரம், இன்னும் 5 மணி நேரம். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொன்ன பாட்டிகள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. தபால் செலவும் வரியும் எவ்வளவு என்பதைப் பல சமயம் பிற்பாடு, பெட்டி கிளம்புகிற காலத்தில்தான் சொல்கிறார்கள். பத்துக் கிலோப் பெட்டியைக் கடல் கடந்து அனுப்புவதற்கு என்ன ஆகும் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இப்படியில்லாமல் வேறு வழியே இல்லையா? உண்டு என்று காட்டியவர் திரள்நிதியிலேயே வளர்ந்த ஒருவர். ஸ்டோன்மையர் கேம்ஸின் ஜேமி ஸ்டெக்மையர் 2012-ல் 'விட்டிகல்ச்சர்' என்ற திராட்சைத் தோட்ட விளையாட்டை கிக்ஸ்டார்ட்டரில்தான் ஆரம்பித்தார். 2015-ல் 'ஸைத்' விளையாட்டுக்கு 17,739 பேர் 18 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். திரள்நிதி சேர்ப்பது எப்படி என்று புத்தகமே எழுதினார். அப்படிப்பட்டவர் 'ஸைத்'தோடு அந்த வழக்கத்தை விட்டுவிட்டார். கையில் முதல் சேர்ந்துவிட்டது. இனி அச்சிட்டு முடித்து விற்கலாம் என்று தீர்மானித்தார். 2019-ல் எலிசபெத் ஹார்க்ரேவ் அமைத்த 'விங்ஸ்பான்' என்ற பறவை விளையாட்டு அப்படித்தான் வந்தது. வந்த வேகத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கப் பெட்டி போதவில்லை, ஜனங்கள் சலித்துக்கொண்டார்கள். சலிப்புதான், யாருடைய பணமும் முடங்கவில்லை. அந்த வருஷமே ஜெர்மனியில் கென்னர்ஷ்பீல் பரிசு பெற்று, பிறகு 10 லட்சம் பெட்டிகளுக்கு மேல் விற்றது. அதில் ஒரு பிளாஸ்டிக் ராட்சசன் கிடையாது. சின்ன முட்டைகளும் பறவைச் சித்திரங்களும்தான்.

முதல் இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. அவனுக்காகத்தான் நான் கதவை முழுக்க அடைக்கவில்லை. 2015-ல் ஐசக் சில்ட்ரெஸ் 'க்ளூம்ஹேவன்' என்ற விளையாட்டுக்குப் பணம் கேட்டார். 4,904 பேர் 3,86,104 டாலர் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட பத்துக் கிலோப் பெட்டியை அச்சிட எந்தப் பிரசுரகர்த்தர் துணிந்திருப்பார்? 2017-ல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. உலகத்து விளையாட்டுக்காரர்கள் மதிப்பெண் போடுகிற போர்டு கேம் கீக் என்ற தளத்தில் அது முதலிடத்துக்கு ஏறி, 2023 வரையில் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்த 4,904 பேரை நான் ஒரு சொல் குறையாகச் சொல்லமாட்டேன். போப்புக்குக் கையொப்பமிட்ட 575 பேரின் வாரிசுகள் அவர்கள்.

ஆனால் அதே கம்பெனி, 'க்ளூம்ஹேவன்' கடைகளில் 140 டாலருக்கு விற்றுக் கொடி கட்டிப் பறந்துகொண்டிருந்த 2020-ல், 'ஃப்ராஸ்ட்ஹேவன்' என்ற அடுத்த பெட்டிக்காக மறுபடி முன்பணம் கேட்டது. 83,193 பேர் 1,29,69,608 டாலர் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில் தருவதாகச் சொன்ன பெட்டிகள் 2022 கடைசியிலும் 2023-லும் வந்தன. கோவிட் காலம், கப்பல் தட்டுப்பாடு எல்லாம் உண்மை. விளையாட்டும் நன்றாக இருக்கிறது என்றே ஆடியவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். 2015-ல் அந்த மனிதருக்கு ஆதரவு வேண்டியிருந்தது. 2020-ல் அவருக்கு வேண்டியிருந்தது வாடிக்கைக்காரர்கள். அவர்கள் கடைக்குப் போய் வாங்கியிருப்பார்கள். பெயர் பெற்றவர், முதல் உள்ளவர், முந்தின பெட்டியை விற்று லாபம் கண்டவர் நம்மிடம் வந்து முன்பணம் கேட்டால், "அச்சிட்டுக் கொண்டு வாரும், பார்க்கிறோம்" என்று சொல்ல நமக்கு வாய் வர வேண்டும்.

முன்பின் தெரியாத புதியவர் ஒருவர் சிறிய பெட்டி ஒன்றுக்குப் பணம் கேட்டால், அவர் பக்கத்தில் விதிப் புத்தகத்தை முழுக்கப் போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். போடவில்லையென்றால் பேச்சுக்கே இடமில்லை. போட்டிருந்தால், பொம்மைப் படங்களைத் தள்ளிவிட்டு, அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் படியுங்கள். எட்டாம் பக்கத்தில் கண்ணைச் சொருகினால் பேசாமல் படுத்துத் தூங்குங்கள். படித்து முடித்துவிட்டு, எதிரே உட்கார ஆள் தேடுகிற ஆசை வந்தால், போனாலும் போகட்டும் என்று விடக்கூடிய தொகையாகப் பார்த்து அனுப்பி வையுங்கள்.